சுவாதித் திருநாளின் சபையும் அதன் சிதறலும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை ஆகிய ஊர்களைக் கடந்து பொன்முடி மலைக்கு ஏறும் சாலையில், கொண்டையூசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னரே கல்லாறு குறுக்கிடுகிறது. வெள்ளப்பெருக்கு உருட்டி வழவழப்பாக்கிய பாறைகளினூடே ஓடும் இந்த நீர், மலையடிவாரத்தை விட்டு இறங்கியபின் வாமனபுரம் ஆறு என்னும் பெயர் பூண்டு, ஆற்றிங்கலை அடுத்துச் சென்று, அஞ்சுதெங்குக் காயலில் சங்கமிக்கிறது. திருவிதாங்கூர் மருமக்கள்தாயச் சமஸ்தானமாதலால், அரச வாரிசுகளை ஈன்றளித்த ராணிமார் ஆற்றிங்கல் ராணிகள் என்றே வழங்கப்பெற்றனர். சங்கீத உலகம் சுவாதித் திருநாள் என்று போற்றும் ராமவர்ம மஹாராஜாவின் அன்னை கௌரி லக்ஷ்மி பாயியும் அவ்வரிசையில் வந்தவரே. இந்த மலைச்சாரல்களில் விளைந்த மிளகின் வாணிகம் 1860 வரையில் அரசாங்கத்தின் ஏகபோக உரிமையாக இருந்தது என்பதையும் இங்கே நினைவுகூர்தல் தகும். ஏனெனில், ராஜசபை ஒன்றின் சங்கீத வரலாற்றைச் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் ராக தாளங்களோடு நின்றுவிடுகின்றனரே அல்லாமல், அந்தச் சபையைப் போஷித்த பொருள் எந்தக் காட்டிலிருந்தும் எந்தக் கழனியிலிருந்தும் வந்தது என்று கேட்பதில்லை.

அந்தச் சபையின் கதைக்குள் புகுமுன் ஓர் ஒப்புமை சொல்கிறேன். மேனாட்டு ஹார்ட் ராக் சங்கீதத்தில் ‘சூப்பர் குரூப்’ என்று ஒரு வகைக் குழு உண்டு. தனித்தனியே வெவ்வேறு குழுக்களில் கீர்த்தி பெற்ற வித்வான்கள் ஓரிடத்தில் கூடிப் புதிய குழுவாக அமைவதை அவ்வாறு வழங்குவர். எரிக் கிளாப்டன், ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் ஆகிய மூவரும் 1966-ஆம் ஆண்டு லண்டனில் சேர்ந்து அமைத்த ‘கிரீம்’ அதற்கு உதாரணமாகச் சொல்லப்படுவது. இரண்டரை ஆண்டுக்குள், 1968 நவம்பரில் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் விடைபெறும் கச்சேரி நிகழ்த்தி அம்மூவரும் பிரிந்தனர். புரூஸுக்கும் பேக்கருக்கும் இருந்த பகைமை உலகறிந்தது. கிளாப்டனும் பேக்கரும் வேறு இருவரோடு கூடி அடுத்த ஆண்டே தொடங்கிய ‘பிளைண்ட் ஃபெயித்’ ஒரே ஓர் இசைத்தட்டோடு முடிந்தது. இந்த அலை நம் பக்கத்தையும் தொடாமல் விடவில்லை. 2003-இல் திருவனந்தபுரத்தில் தோன்றிய ‘அவியல்’ குழு, மலையாள மொழியை ராக் சங்கீதத்தில் ஏற்றி 2008-இல் தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. ஆயினும், பெயர்பெற்றவர்கள் பலர் ஒன்றாகக் கூடி, ஒருவர் வித்தையை மற்றவர் ஏற்று, பின்பு நாலா திசையிலும் சிதறிப்போன கதையை விரும்புகிறவர்கள் லண்டன் மாநகரம் வரையில் செல்ல வேண்டியதில்லை. அதே திருவனந்தபுரத்தில், மின்சாரக் கித்தார் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், அத்தகைய கூட்டம் ஒன்று கூடிக் கலைந்திருக்கிறது.

அந்தக் கூட்டம் கூடியதன் மூலகாரணத்தைத் தஞ்சாவூரில் தேட வேண்டும். 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சரபோஜி மன்னர் தம் ராஜ்யத்தின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் ஒப்புவித்து, ஆண்டுக்கு ஒரு லக்ஷம் வராகனும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் பெற்றுக்கொண்டு கோட்டைக்குள் அமைந்தார். ராஜ்யபாரம் நீங்கிய அந்த அரசர், சாஸ்திரங்களிலும் சித்திரங்களிலும் சங்கீதத்திலும் மனத்தைச் செலுத்தியதனால் சரஸ்வதி மஹால் செழித்தது, வித்வான்களும் பெருகினர். ஆனால் வித்வான்கள் பெருகிய அளவுக்கு மானியங்கள் பெருகுவதற்கு வழியில்லாத நிலையில், சபையில் முதன்மை யாருக்கு, கோயிலில் மரியாதை யாருக்கு என்னும் பூசல்கள் எழுந்ததில் வியப்பில்லை. மைசூரிலும் 1831-ஆம் ஆண்டு கும்பினியார் ஆட்சியைக் கைப்பற்றிக்கொண்டபின், மும்மடி கிருஷ்ணராஜ உடையார் கலைகளையே துணையாகக் கொண்டார். இவ்விரு சமஸ்தானங்களோடு ஒப்பிட்டால் திருவிதாங்கூரின் நிலைமை சற்று மேலானது. ஆண்டுதோறும் எட்டு லக்ஷம் ரூபாய் கும்பினிக்குக் கப்பமாகக் கட்டினாலும், ஆட்சி உரிமை அரசர் கையில்தான் இருந்தது, பண்டகசாலையும் காலியாகவில்லை.

1813-இல் பிறந்த சுவாதித் திருநாள், கருவிலிருக்கும்போதே அரசுரிமை பெற்றவராதலின் கர்ப்ப ஸ்ரீமான் எனப் பெயர் பெற்றார். இரண்டு வயதில் தாயை இழந்து, சிற்றன்னை கௌரி பார்வதி பாயி அரசாட்சியை நடத்த, தந்தையார் ராஜராஜ வர்ம கோயித்தம்புரானின் மேற்பார்வையில் வளர்ந்தார். அவருக்கு ஆங்கிலம் கற்பிக்க வரவழைக்கப்பட்டவர் தஞ்சாவூர் சுப்பராவ் என்னும் மராட்டிய அந்தணர். ‘இங்கிலீஷ் சுப்பராவ்’ என்று ஊரார் அழைத்த இவர் பின்னாளில் திவான் பதவி வரை உயர்ந்தார் என்பதைச் சரித்திர நூல்கள் விரிவாகவே கூறுகின்றன. என் நோக்கில் அதனினும் முக்கியமானது, சங்கீதப் பற்றுடைய அந்த ஆசிரியர் வாயிலாகக் காவிரிக்கரைச் சங்கீதத்தின் வாசனை பிள்ளைப் பருவத்திலேயே அரசர் செவியில் ஏறிவிட்டதும், தஞ்சையில் யார் எந்த வித்தையில் வல்லவர், யாருக்கு யாரோடு மனத்தாங்கல் என்னும் விவரமெல்லாம் திருவனந்தபுரத்து அரண்மனைக்கு எட்டியிருக்க வேண்டும் என்பதும்தான். 1829-ஆம் ஆண்டு பதினாறு வயதில் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற அவர், இந்தப் பரிச்சயத்தை வீணாக்கவில்லை.

அவர் சபைக்கு வந்தவர்களுள் தலையாயவர் தஞ்சை நால்வர். சுப்பராய நட்டுவனாரின் புதல்வர்களான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய இந்நால்வரும் முத்துசுவாமி தீக்ஷிதரிடம் சங்கீதம் பயின்றவர்கள். குருவைப் பாடிய நவரத்தினமாலை இவர்களுடையது. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று பரதநாட்டியக் கச்சேரி பின்பற்றும் நிரலை ஒழுங்குசெய்தவர்கள் இவர்கள் என்பது பலரும் அறிந்ததே. சரபோஜியின் சபையில் ஏதோ மனக்கசப்பு நேர்ந்து, 1830-களின் தொடக்கத்தில் இவர்கள் மலையாள நாடு புகுந்தனர் என்று பரம்பரையில் சொல்லக் கேட்கிறோம். நால்வரிலும் இளையவரான வடிவேலுவிடம் அரசருக்கு இருந்த மதிப்பு தனியானது. அரசரைக் காட்டிலும் மூன்றே வயது மூத்தவரான இவர், தீக்ஷிதரின் இளவலான பாலுசுவாமி தீக்ஷிதரோடு சேர்த்துப் பிடில் வாத்தியத்தை நம் சங்கீதத்துக்கு வசப்படுத்திய முன்னோடிகளுள் ஒருவராக எண்ணப்படுபவர். வெள்ளைக்காரர் நின்றுகொண்டு மோவாயில் தாங்கி வாசித்த அந்த வாத்தியம், நம்மவர் தரையில் அமர்ந்து கமகங்களை இழைத்து வாசிக்கும் கருவியாக மாறியதில் இத்தகையோரின் உழைப்பு எத்தனை என்று அளவிடுதல் எளிதன்று. 1834-இல் அரசர் வடிவேலுவுக்குத் தந்தத்தாலான பிடில் ஒன்றைப் பரிசாக வழங்கினார். அதனை நால்வர் வழியினர் தஞ்சையில் இன்றும் போற்றி வைத்திருக்கின்றனர்.

ஷட்கால கோவிந்த மாரார் மலையாள நாட்டின் ராமமங்கலத்தவர். கோயில்களில் இடக்கை கொட்டிச் சோபான சங்கீதம் பாடும் மாரார் குலத்தில் தோன்றி, ஒரே பாட்டை ஆறு காலங்களில் பாடும் அபூர்வ ஆற்றலால் பட்டப்பெயரைப் பெற்றவர். ஏழு தந்திகள் பூட்டி, கொடி கட்டிய தம்பூராவோடு இவர் ஊர்தோறும் சென்றார் எனவும், திருவையாறு சென்று தியாகராஜ சுவாமிகளின் முன்னிலையில் பாடி அவரை வியக்கச் செய்தார் எனவும் கர்ணபரம்பரைச் செய்தி உண்டு. அக்கதையோடு சுவாமிகளின் கீர்த்தனம் ஒன்றையும் பிணைத்துச் சொல்லும் வழக்கம் கேரளத்தில் வலுவாகவும் தமிழ்நாட்டில் சற்று ஐயத்தோடும் நிலவுவதை நாம் புன்னகையோடு பார்த்துச் செல்லலாம். தஞ்சையிலிருந்து வந்த மற்றொருவர் மேருசுவாமி. இயற்பெயர் அனந்தபத்மநாப கோசுவாமி. மராட்டியக் கீர்த்தன மரபில் ஹரிகதை நிகழ்த்துவதில் நிகரற்ற அவரைக் கோகிலகண்டர் என்று கொண்டாடினர். தியாகராஜரின் சிஷ்யரான கன்னையா பாகவதர், பாலக்காட்டு இளைஞரான பரமேசுவர பாகவதர், வடக்கேயிருந்து வந்த ஹிந்துஸ்தானிப் பாடகர்கள் என்று சபை விரிந்தது. இவர்கள் அனைவருக்கும் முன்னரே அரண்மனையில் இருந்தவர் இரயிம்மன் தம்பி. குழந்தை சுவாதிக்குத் தாலாட்டு இயற்றிய அந்தக் கவி, அதே குழந்தை வளர்ந்து தம்மோடு போட்டியிட்டுப் பதங்கள் புனைவதையும் காண நேர்ந்தது. தம்பியின் மகள் குட்டிக்குஞ்ஞு தங்கச்சியும் புகழ்பெற்ற கவியானார் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன். பெண்பாற் புலவர்களைக் குறிப்பிடாமல் விட்டுவிடுவது நம் சரித்திரக்காரர்களின் பழக்கமாகிவிட்டது.

இத்தனை பேரும் கூடிச் செய்தது என்ன என்பதே கேள்வி. ஒவ்வொருவரும் தத்தம் வித்தையைக் காட்டிப் பரிசு பெற்றுச் சென்றிருந்தால் அது பிற சமஸ்தானங்களிலும் உள்ள ராஜசபையாக முடிந்திருக்கும். இங்கே நடந்ததோ, ஒருவருடைய சரக்கு மற்றவருடைய பட்டறையில் உருமாறியது. மேருசுவாமியின் ஹரிகதை அரசரைக் கவர்ந்ததன் விளைவாகக் குசேலோபாக்கியானமும் அஜாமிளோபாக்கியானமும் தோன்றின. தஞ்சை நட்டுவனாரின் வர்ணமும் தில்லானாவும் மலையாளப் பதங்களோடு கலந்து மோகினியாட்டத்துக்குக் கச்சேரிக்குரிய வடிவத்தை அளித்தன. ஹிந்துஸ்தானிப் பாடகர்களின் துருபதமும் கியாலும் கேட்ட காதோடு அரசர் அம்மொழியிலேயே முப்பதுக்கு மேற்பட்ட உருப்படிகள் இயற்றினார். பத்மநாப சுவாமி ஆலயத்தின் பத்து நாள் உற்சவத்தை வர்ணிக்கும் உற்சவப் பிரபந்தம் மணிப்பிரவாள நடையில் எழுந்தது. சம்ஸ்கிருதம், மலையாளம், தெலுங்கு, கன்னடம், ஹிந்துஸ்தானி என ஐந்து மொழிகளில் ஏறக்குறைய நானூறு சாகித்தியங்கள் அவர் பெயரால் வழங்குகின்றன. கீர்த்தனங்களில் பிராசம் அமைய வேண்டிய முறை குறித்து அவர் தனி நூலே எழுதியிருக்கிறார். முப்பத்து மூன்று ஆண்டே வாழ்ந்த ஒருவர், அதிலும் சட்டத் தொகுப்பு, ஆங்கிலப் பள்ளி, 1837-இல் ஜான் கால்டிகாட் தலைமையில் அமைந்த வானாராய்ச்சி நிலையம் ஆகிய ராஜாங்க அலுவல்களுக்கிடையில் இவ்வளவையும் தனியொருவராகச் செய்தார் என்று நம்புவதைக் காட்டிலும், கூடத்தில் நாள்தோறும் கூடியிருந்த அந்த மஹாவித்வான்களின் கை அதில் கலந்திருந்தது என்று கொள்வதே அச்சபைக்குச் செய்யும் நியாயம்.

விரிசல்கள் ஆரம்பத்திலேயே இருந்தன. சகோதரர் நால்வரும் நெடுங்காலம் ஓரிடத்தில் தங்கவில்லை. சின்னையா மைசூருக்குச் சென்று மும்மடி கிருஷ்ணராஜரின் ஆதரவில் அமர்ந்தார்; பொன்னையாவும் சிவானந்தமும் தஞ்சைக்கே திரும்பி, சரபோஜியின் மகனான இரண்டாம் சிவாஜியின் சபையை அடைந்தனர்; வடிவேலு மாத்திரம் திருவனந்தபுரத்தில் நிலைத்தார். இவர்கள் சண்டையிட்டுப் பிரிந்ததாகச் சொல்வதற்கு ஆதாரமில்லை. ஒரே வீட்டில் நான்கு பெரிய வித்வான்கள் இருந்தால், நான்கு சமஸ்தானங்கள் அவர்களை அழைப்பது இயற்கை. அரசர் மிகவும் விரும்பி அழைத்தும் வராதவர் ஒருவர் உண்டு. தியாகராஜ சுவாமிகளைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துவர வடிவேலுவே திருவையாறு சென்றார் எனவும், அவருடைய பிடிலைக் கேட்டு மகிழ்ந்த சுவாமிகள் ராஜசபைக்கு வர மாத்திரம் இசையவில்லை எனவும் கூறுவர். ராஜசேவையை உதறிய அவரது உறுதிக்கு அது இழுக்கன்று. ஆயினும் அந்த வெற்றிடம் சபையில் கடைசி வரை நிரப்பப்படவில்லை. கோவிந்த மாராரோ ஒரு கூரையின்கீழ் அடங்கும் இயல்பினரல்லர். யாத்திரையாக வடக்கே சென்று, 1843-இல் பண்டரிபுரத்தில் உயிர் நீத்தார் என்பர்.

உள்ளிருந்து கசிந்ததைவிட வெளியிலிருந்து வந்த அடி பெரிது. 1840-இல் கும்பினியின் ரெசிடெண்டாக வந்த ஜெனரல் கல்லன் இருபது ஆண்டுகள் அப்பதவியில் இருந்தவர். சமஸ்தான நிர்வாகத்தின் ஒவ்வோர் இழையிலும் கைவைத்தவர். தம் விருப்பத்துக்குரிய கிருஷ்ணராவைப் பதவியில் ஏற்றுவதில் அவர் காட்டிய முனைப்பும், 1842-இல் சுப்பராவ் திவான் பதவியை விட்டு விலக நேர்ந்ததும், அரசருக்கு ஏற்பட்ட மனவருத்தமும் 1878-இல் சங்குண்ணி மேனோன் எழுதிய திருவிதாங்கூர்ச் சரித்திரத்தில் இடம்பெற்றுள்ளன. வித்வான்களுக்கும் ஆலயங்களுக்கும் மஹாராஜா அள்ளி வழங்கிய பொருள், கணக்கு நோக்கும் ரெசிடெண்டின் கண்ணில் வீண் செலவாகவே பட்டது. கும்பினியின் கொள்கைப்படி அது முரணுமன்று: மலைமிளகும் தேக்கும் கப்பத்துக்கு உதவ வேண்டியவை, தில்லானாவுக்கு அல்ல. அரசரின் தமக்கை கௌரி ருக்மிணி பாயி 1837-இல் மறைந்ததிலிருந்து குடும்பத்திலும் துக்கங்கள் தொடர்ந்தன. கிழக்குக் கோட்டையருகே, கூரைத் தாங்கிகளில் நூற்றிருபத்திரண்டு குதிரைகளைச் செதுக்கி எழுப்பிய குதிரை மாளிகையில் அரசர் சிறிது காலமே வசித்தார். பேச்சைக் குறைத்து, பெரும்பாலும் தனிமையிலும் வழிபாட்டிலும் கழித்த அவர் 1846 டிசம்பர் இறுதியில் மறைந்தார். அடுத்த இரு வாரங்களுக்குள், 1847 ஜனவரி 6-ஆம் நாள், திருவையாற்றில் தியாகராஜரும் சித்தியடைந்தார். வடிவேலுவும் நாற்பது வயது நிரம்புமுன்னர், அரசர் மறைவை ஒட்டிய ஓரிரண்டு ஆண்டுகளுக்குள்ளாகவே காலமானார்.

பின்வந்த உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மருக்கு மேனாட்டு வைத்தியத்திலும் கதகளியிலும் ஈடுபாடு. அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஒவ்வோர் அரசருக்கும் ஒவ்வொரு நாட்டம். ஆனால் சுவாதி அரவணைத்த மோகினியாட்டம் ஆதரவிழந்தது. சபையின் எஞ்சிய வித்வான்கள் அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டனர். இரயிம்மன் தம்பி 1856 வரை இருந்தார். பரமேசுவர பாகவதர் 1892 வரை வாழ்ந்து, தாம் இளமையில் கேட்டவற்றை அடுத்த தலைமுறையினருக்குக் கற்பித்தார். 1860-இல் பட்டமேறிய ஆயில்யம் திருநாளின் காலத்தில் மஹாவைத்தியநாத ஐயரும் கோயம்புத்தூர் ராகவையரும் வந்து பாடியது வேறொரு சபை, வேறொரு கதை.

மேனாட்டு ராக் குழுக்கள் கலைந்தபின், எந்தப் பாட்டு யாருடையது என்று நியாயஸ்தலம் ஏறுவது வழக்கம். நம் சபை கலைந்து ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அந்த வழக்கும் வந்தது. சுவாதியின் சாகித்தியங்கள் பலவற்றுக்குப் பழைய வர்ணமெட்டு மறைந்துபோய் ஏட்டில் எழுத்து மாத்திரமே எஞ்சியிருந்தது. சேது பார்வதி பாயி மஹாராணியின் ஆர்வத்தால் 1939-இல் சுவாதித் திருநாள் சங்கீத அகாடமி தோன்றி, ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் முதல் தலைவராகவும் அவருக்குப்பின் செம்மங்குடி சீனிவாச ஐயர் தலைவராகவும் அமர்ந்து, கிடைத்த பாடங்களைச் செப்பனிட்டும், மெட்டு இல்லாதவற்றுக்கு மெட்டு அமைத்தும் வெளியிட்டனர். இன்று மேடைகளில் பாடப்படும் சுவாதி கீர்த்தனங்கள் பலவற்றில் செம்மங்குடியின் கை தெளிவாகத் தெரியும். இதைச் சுட்டி, 1980-களில் வீணை வித்வான் எஸ். பாலச்சந்தர், சுவாதித் திருநாள் என்னும் வாக்கேயக்காரரே பிற்காலக் கற்பனை என்று வாதிடத் தொடங்க, கேரளத்தாரும் சங்கீத சபைகளும் கொதித்தெழுந்தனர். பாலச்சந்தர் அளவுக்கு மிஞ்சிப் போனார் என்பதே என் துணிபு. அரசரின் காலத்து ஆவணங்களும், திருவனந்தபுரத்துப் பரம்பரைப் பாடகர்களான முல்லமூட்டு பாகவதர்கள் விடாமல் காத்த பாடாந்தரமும் அவர் கூற்றைத் தாங்கா. ஆனாலும் அவர் எழுப்பிய கேள்வியின் ஒரு பாதி நியாயமானது. கூட்டத்தின் விளைச்சல் முழுவதையும் ஒருவர் பெயரில் எழுதிவைத்து, வடிவேலுவையும் மேருசுவாமியையும் அடிக்குறிப்புக்குத் தள்ளியதில் அவருக்கு எதிர்நின்றவர்களுக்கும் பங்குண்டு.

நால்வரின் வித்தையோ அரசர் எவருடைய தயவையும் எதிர்பாராமல் தஞ்சையில் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைய, கும்பினி தஞ்சைப் பட்டத்தையே ஒழித்தபின்னும், பாட்டும் ஜதியும் தந்தையிடமிருந்து மகனுக்கும் மருமகனுக்கும் சென்றன. ருக்மிணி தேவிக்கும் மிருணாளினி சாராபாய்க்கும் கற்பித்த பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்தக் கிளையில் வந்தவர். நால்வர் உருப்படிகளை ஸ்வரப்படுத்தி அச்சேற்றிய பொன்னையா பிள்ளையும் கிட்டப்பா பிள்ளையும் நேர் வழியினர். திருவனந்தபுரத்தில் எஞ்சியது நவராத்திரி. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியை யானைமேல் எழுந்தருளச் செய்து கொண்டுவந்து நவராத்திரி மண்டபத்தில் வைத்து, சங்கராபரணம் தொடங்கி ஆரபி வரை நாளுக்கு ஒன்றாகச் சுவாதியின் ஒன்பது கிருதிகளைப் பிரதானமாகப் பாடும் மரபு அங்கே நடந்துவருகிறது. முல்லமூட்டு பாகவதர்கள் தோடயமங்களம் பாடியபின்னரே கச்சேரி தொடங்கும்; எவ்வளவு பெரிய வித்வான் பாடினாலும் கைதட்டல் கிடையாது. ஆடவர் மாத்திரமே பாடலாம் என்றிருந்த அம்மண்டபத்தில், செம்மங்குடி தலைமை வகித்த அகாடமியின் முதல் மாணவியரில் ஒருவரான பாறசாலை பொன்னம்மாள் 2006-ஆம் ஆண்டு முதன்முதலாகப் பாடினார். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.